தோணிக்குச் சேலை கேட்டு ராஜபாளையம் வரை

தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி வண்டிக்கு ஐந்தே முக்கால் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கிற நேரம்தான் அதன் சரியான நேரம். 1992 தை மாதம், பொங்கல் கழிந்த வியாழக்கிழமை விடிகாலையில், அந்த வண்டியில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். அறுபது கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு துண்டு, தண்ணீர்ப் புட்டி, பலகாரப் பொட்டலம். பையில் மிச்ச இடத்தை ஒரு சேலைக்காகக் காலியாக விட்டிருந்தேன்.

நான் போனது சேலை கேட்பதற்கு. எனக்கு அல்ல, எங்கள் தோணிக்கு.

தோணி என்றதும் உள்நாட்டுக்காரர்கள் மீன் பிடிக்கும் சிறு படகை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்த் தோணி மரத்தால் ஆன கப்பல். பாய் விரித்து, வெங்காயமும் மிளகாய் வற்றலும் கூரை ஓடும் செங்கலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வரும். எங்கள் குடும்பத்தில் தோணிக்கு வீட்டுப் பெண்ணின் பெயர்தான் வைப்பது. கடலில் இறக்குகிற அன்று அதன் முன்முனையில் ஒரு புதுச் சேலையைச் சுற்றிப் பூ வைப்போம். யார் பெயர் வைக்கிறோமோ அவள் பிறந்த வீட்டிலிருந்து அந்தச் சேலை வரவேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறபோது தாய் வீட்டுச் சேலை வருகிறதல்லவா, அது போலத்தான். அந்தச் சேலை இல்லாமல் எங்கள் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப் போகிறவர், நங்கூரத்தைத் தொடமாட்டார்.

என் தம்பி சேவியர் புதிதாக ஒரு தோணி கட்டி முடித்திருக்கிறான். அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் செல்வராணி. அவன் மனைவி பெயர். ராஜபாளையத்துப் பெண். மூன்று வருடத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு தம்பி என்னோடு பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேசினால் அந்தத் தோணியைப் பற்றித்தான் பேசுவான். பலகை வந்தது, ஆணி வந்தது, பாய்மரம் வந்தது என்பான். ஒருநாள் யாரிடமும் கேட்காமல் தச்சரைக் கூப்பிட்டுப் பின்பலகையில் அவள் பெயரை உளியால் வெட்டச் சொல்லிவிட்டான். பிறகுதான் சேலை கேட்டுப் பெண்ணைப் பெற்றவளிடம் ஆள் அனுப்பினான். போன ஆள் ஒற்றை வரியோடு திரும்பி வந்தார். கேட்கிறவர்கள் நேரில் வந்து கேட்கட்டும்.

தம்பி போகமாட்டான். அந்த முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான், ஆகவே நான் கிளம்பினேன். தோணி இறங்க ஒரு வாரம் இருந்தது.

வண்டி ஊரைத் தாண்டி உப்பளங்களின் வெளிச்சத்தை விட்டு விலகியதும் ஒரு பழைய கேள்வி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. கப்பல் ஏன் பெண்? நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்கிறவள். ஆங்கிலக் கடிதங்களில் கப்பலை ‘அவள்’ என்றுதான் எழுதவேண்டும். சேர்ந்த புதிதில் ‘அது’ என்று அடித்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏன் சார் அவள் என்று கேட்டேன். “பெயின்ட்டுக்கு ரொம்பச் செலவாகும்மா, அதான்” என்றார் மேலாளர். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டம்மாவை எனக்குத் தெரியும். ஒரு பவுடர் டப்பாவை ஆறு மாதம் ஓட்டுகிறவர்.

எங்கள் தண்டலிடம் கேட்டேன். வயிற்றுக்குள் எங்களைச் சுமந்து பத்திரமாகக் கரை சேர்க்கிறாள், தாய் இல்லாமல் வேறு என்ன என்றார். பங்குச் சாமியார், திருச்சபையையே தாய் என்றும் கப்பல் என்றும் சொல்வதுண்டு, தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பதில் சொன்ன எல்லாரும் ஆண்கள். ராஜபாளையத்தில் ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டால் இதையெல்லாம் சொல்லிச் சமாளிக்க முடியுமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

எட்டயபுரம் வரும்போது நன்றாக வெளுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல். கடல்காற்றிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்த மண்ணைப் பார்த்தால் வாய் வறண்டுபோகும். கோவில்பட்டியில் இறங்கி ஒரு தேநீர் குடித்தேன். திருவேங்கடம் வழியாக ராஜபாளையம் போகும் வண்டி அரை மணி நேரம் கழித்து வந்தது. இதற்கும் ஏறக்குறைய அதே கட்டணம்தான்.

என் பக்கத்தில் தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். பெயர் மும்தாஜ். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தையல் மெஷின் போட்டு உள்பாவாடை தைக்கிறாளாம். கோவில்பட்டிக் கடைகளில் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். எங்கே, எதற்கு என்று அவள் கேட்க, மறைக்கத் தோன்றாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது சில நேரம் எளிதாக இருக்கிறது.

“கப்பலுக்குப் பொம்பள பேரா?” என்றாள் மும்தாஜ். “எங்க வீட்டுக்காரவுக சவுதிக்குப் போயி ஆறு வருசம் ஆகப்போவுது. போறது அவுக. நின்ன எடத்துலயே நிக்கது நான். நீங்க என்னடான்னா ஊர் ஊராப் போறதுக்குப் பொம்பள பேர வைக்கிறீக.”

இத்தனை வருடம் துறைமுகத்துக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்று.

“மகளப் பறிகுடுத்தவகிட்டப் போயி கேக்குறீக. பாத்துப் பேசுங்க மதினி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ராஜபாளையம் வரும்வரை தூங்கினாள். என் தோளில்தான் தலை.

ராஜபாளையத்துக்குள் வண்டி நுழையும்போது மணி பத்து இருக்கும். ஊருக்கு மேற்கே மலை எழுந்து நிற்கிறது. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருமுனையில் மலை தெரியும். எங்கள் ஊரில் தெரு முடிகிற இடத்தில் கடல் இருப்பது போல இங்கே மலை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கடைகண்ணிக்கு வந்த மில்காரர்களும் மற்றவர்களுமாகச் சாலை நிறைந்திருந்தது. சிலருடைய தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே பேச்சில் கலந்து காதில் விழுந்தன. இந்த ஊர் மாம்பழத்துக்குப் பேர் பெற்றது. தை மாதத்தில் அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் என்றார்கள். கால் மணி நேர நடைதான், ஆனால் எனக்கு நெடுந்தூரமாக இருந்தது.

ஞானம்மாள் அத்தை வாசலிலேயே இருந்தார்கள். தம்பியின் மாமியார் எனக்கு அத்தை முறை. அறுபதைத் தொட்ட வயது, ஒடிசலான உடம்பு. கணவர் மில்லில் வேலை பார்த்தவர், எப்போதோ காலமாகிவிட்டார். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியை வாங்கி வந்து, அளவாக வெட்டிச் சுருட்டிக் கொடுப்பது அத்தைக்கு வேலை. வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் வெள்ளை. அத்தையின் மடியிலும் வெள்ளை.

“வாம்மா பிலோமி. உக்காரு. மொதல்ல சாப்புடு” என்றார்கள். சோறும் ரசமும் அவரைக்காயும். சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த விஷயத்தைப் பேசவிடவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, “இப்பச் சொல்லு” என்றார்கள்.

“சேலை கேட்டு வந்திருக்கேன் அத்தை.”

“பேரு வெட்டியாச்சா?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு வாய் வரவில்லை.

“வெட்டியாச்சு அத்தை.”

“வெட்டிட்டு வந்து கேக்குறீக. அன்னைக்குப் பொதைச்சுட்டுச் சொன்னீகளே, அதே மாதிரி.”

இதை இங்கே சொல்லியாக வேண்டும். செல்வராணி இறந்தது கார்த்திகை மாதம். பேய்மழை. நாங்கள் அடித்த தந்தி அத்தை கைக்குக் கிடைத்ததே மறுநாள்தான். அவர்கள் கிளம்பிய பஸ்ஸைக் கோவில்பட்டிக்கு அருகே ஓடை பெருகி நிறுத்திவிட்டது. தூத்துக்குடியில் உடலை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளி, மாலையும் வைத்து முடிந்திருந்தது. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிச்சேலை போர்த்த வேண்டும். அந்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்ட வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. அப்படியே திரும்பி நடந்துவிட்டார்கள். தவறு யாருடையது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து மழையைத் திட்டிக்கொண்டோம்.

“அந்தக் கோடிய என்ன செஞ்சேன்னு யாராச்சும் கேட்டீகளா?” என்றார்கள் அத்தை. “திருப்பி வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுல்ல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள நனைஞ்சுபோயி நடுங்கிக்கிட்டு இருந்தா. போத்திவிட்டுட்டு வந்துட்டேன்.”

கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது. துணி அளவு பிசகாமல் விழுந்துகொண்டே இருந்தது.

“ஒங்க தோணி என்னைக்காச்சும் ஒருநாள் முங்கும். இல்லைன்னா பழசாயிரும், ஒடைச்சு வெறகுக்குப் போடுவீக. அன்னைக்கும் எனக்குத் தந்தி அடிப்பீகளா? செல்வராணி முங்கிட்டான்னு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை.

“சரி, எதுக்கு அதுக்குப் பொம்பள பேரு? ஆம்பளைக சம்பாரிக்க ஆம்பளைக கட்டுறது. அவுக பேரையே வைக்கலாம்ல?”

வந்துவிட்டது கேள்வி. தண்டல் சொன்ன பதிலைச் சொன்னேன், தாய் போலச் சுமக்கிறாள் என்று. “லாரியுந்தான் சொமக்குது. அதுக்குச் சேலை கட்டுறாகளா?” என்றார்கள். சாமியார் சொன்னதைச் சொன்னேன். “சாமியார் பெரியவுக. அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். என் மக சாமியில்ல” என்றார்கள். மேலாளர் சொன்னதை நான் சொல்லவே இல்லை. தம்பி என்ன சொல்கிறான் என்று கேட்டார்கள். அவன் ஒன்றும் சொல்வதில்லை. வெட்டிய எழுத்தைத் தினமும் சாயங்காலம் போய்க் கையால் தடவிவிட்டு வருகிறான் என்றேன். அத்தை கொஞ்ச நேரம் துணியை வெட்டாமல் வைத்திருந்தார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். “கட்டிக் குடுத்த மறுவருசம் வந்திருந்தா. கடலு கடலுன்னு அதே பேச்சு. நம்ம ஊரு மலை மாதிரி தெருக் கடைசியில நிக்கும்மான்னா. அவரு தோணியில ஒரு தடவ ஏறிப் பாக்கணும்னு கேட்டாளாம். பொம்பள ஏறுனா காத்து விழுந்துரும்னு சொல்லிட்டாகளாம். மெய்யா?”

“மெய்தான் அத்தை. தோணியில பொம்பளைங்க ஏறுறது இல்ல.”

“கரையில கட்டிக் கெடக்கும்போது கூடவா?”

“எப்பவுமே இல்ல.”

“ஏறவிடாத பொருளுக்கு என் மக பேரு மட்டும் வேணுமோ?” அத்தை முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். “அவ வெளியூர்க்காரி, விடு. நீ ஏறியிருக்கியா?”

“இல்ல அத்தை.”

“தோணிக்காரக வீட்டுலயே பொறந்துமா? ஒங்க அம்மா?”

“அம்மா பேர்லயே ஒரு தோணி இருந்துச்சு. அம்மா கரையில நின்னு பாத்ததோட சரி.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். “ஒங்க அம்மாவுமா” என்றார்கள், கேள்வி போல இல்லாமல்.

எனக்கு வாய்க்குக் குறைவில்லை என்று எங்கள் தெருவே சொல்லும். துறைமுகத்துக்குப் போகும் காகிதங்களில் பாதியை நான்தான் தட்டச்சு செய்கிறேன். அப்படி இருந்தும் ஏறிப் பார்க்கவேண்டும் என்று செல்வராணி கேட்டாள், நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு வெளியூர் வீட்டில், பேண்டேஜ் துணிகளுக்கு நடுவே அது உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

அத்தை எழுந்து முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். “கெளம்பு. வில்லிபுத்தூர் போவோம். கல்யாணச் சேலை அங்கதான் எடுத்தோம். சேலை எடுக்குறேன். ஆனா ஒங்கிட்டக் குடுத்துவிட மாட்டேன். நான் வந்து ஏறி என் கையால கட்டுவேன். நீயும் என்கூட ஏறணும். சம்மதம்னா வா. இல்லைன்னா அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிரு.”

தண்டலை நினைத்தேன். அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடும். போனால் ஒரு மாதத்துக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டார். ஊர் சிரிக்கும். முதல் பயணத்தில் ஒரு மூட்டை வெங்காயம் நனைந்தாலும், பொம்பள ஏறினாள், அதுதான் என்பார்கள். தம்பி என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்காமல் அவன் பெயரை வெட்டினான். நானும் யாரிடமும் கேட்காமல், “சரி அத்தை” என்றேன்.

அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். மதுரைச் சாலையில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு வெகு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது. தென்னைகளுக்கு மேலே அது வருவதும் மறைவதுமாக இருந்தது. மடவார் வளாகம் அருகே வண்டி மெதுவாகப் போனபோது, அத்தை வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் கையைக் காட்டினார்கள்.

“இந்தக் கோயிலுக்கு ஒரு கதை சொல்லுவாக. பிள்ளத்தாச்சிப் பொண்ணு ஒருத்தி, அம்மா வருவா வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தாளாம். அம்மாவால வர முடியல. சாமியே தாயா வந்து பிரசவம் பாத்துச்சாம்.” கோயிலைப் பார்த்தபடியே, “நான் வர்ற வரைக்கும் எம் மக பக்கத்துல யாரும்மா இருந்தா?” என்று கேட்டார்கள்.

“நான் இருந்தேன் அத்தை. அவ கைய விடல.”

அவர்கள் என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கையைத்தான் அவள் கடைசிவரை பிடித்திருந்தாள். அவர்களுக்கு அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேருந்து நிலையம் வரும்வரை விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கு திரும்பினாலும் பால் சுண்டும் வாசனை. பால்கோவா வாங்காமல் வந்தால் அலுவலகத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் அன்று வாங்க மனம் வரவில்லை. தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் அத்தை நேராக ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தார்கள். பாய் விரித்த தரை, சுவர் முழுக்க அடுக்கு. கடைக்காரர் தாடி நரைத்த ஒரு முஸ்லிம் பெரியவர். அத்தையை அவருக்கு நினைவில்லை. எத்தனையோ கல்யாணச் சேலை எடுத்துக் கொடுத்த கை.

“வாங்கம்மா. யாருக்கு எடுக்கணும்?”

“மகளுக்கு.”

“நெறம் எப்பிடி? மாநெறமா?”

“கறுப்பு” என்றார்கள் அத்தை. “நல்லா மின்னுற கறுப்பு.”

செல்வராணி அப்படித்தான் இருந்தாள். எனக்குத் தோணியின் உடம்பு கண்முன் வந்தது. தார் போன்ற கீலைப் பூசி, எண்ணெய் தடவி, வெயிலில் நிற்கும் அந்தக் கறுப்பு.

“ஒசரம்?”

“என்னைய விட ஒசரம். ஒம்பது கெசம் வேணும்.”

“இப்பத்தப் பிள்ளைக யாரும்மா ஒம்பது கெசம் கட்டுது” என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போய் மூன்று நான்கு சேலைகளைக் கொண்டுவந்து விரித்தார். அத்தை ஒன்றொன்றாக ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணி பட்டால் சாயம் போகுமா என்று கேட்டார்கள். கடைக்காரருக்கு விளங்கவில்லை.

“மகள் கூட வரலையாம்மா? அது கண்ணுக்கும் பிடிக்கணும்ல?”

“தூத்துக்குடியில இருக்கா. கடலுக்குப் போகப்போறா.”

அவர் வெளிநாட்டுப் பயணம் என்று நினைத்துக்கொண்டார் போலும். “அல்லா காப்பாத்துவான். நல்லபடியாப் போயிட்டு வரட்டும்” என்றார். அத்தையின் முகம் அப்போதுதான் உடைந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். சத்தமே இல்லை. பெரியவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வேறு அடுக்கை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அரக்குச் சிவப்பில், அகலமான மஞ்சள் கரை வைத்த நூல் சேலை ஒன்றை எடுத்தோம். நான் பணத்துக்குக் கையை விட்டபோது அத்தை முறைத்தார்கள். பிறந்த வீட்டுச் சேலைக்கு நான் எப்படிக் கொடுக்க முடியும்?

பிற்பகல் மூன்று மணி வாக்கில் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். சிவகாசி, சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி போகும் வண்டி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. எதிர்ப்பக்கத்தில் ராஜபாளையம் வண்டி. அத்தையை அதில் ஏற்றிவிட்டு நான் கிளம்பலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இறக்குகிற நாளுக்கு முந்தின நாள் ஆள் அனுப்புகிறேன், அழைத்துக்கொண்டு வருவார்கள் என்றேன்.

அத்தை சேலைப் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினார்கள்.

“அத்தை, இது என் வண்டி. இன்னும் ஒரு வாரம் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“மாத்துத் துணி கூட எடுக்கலையே.”

“ஒன் சேலை ஒண்ணு குடு.”

“தச்சு வேலை முடியாம ரெண்டு நாள் தள்ளிப் போனாலும் போகும் அத்தை.”

“தள்ளிப் போகட்டும். பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.” ஜன்னலோரம் போய் உட்கார்ந்து எனக்கும் இடம் ஒதுக்கினார்கள். “ஒரு தடவ பிந்தி வந்துட்டேன்மா. மழை பெஞ்சிச்சு, ஓடை வந்திச்சுன்னு இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது.”

தை மாதத்தில் எங்கே மழை வரப்போகிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நடத்துநரிடம் கோவில்பட்டிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

வண்டி நகர்ந்ததும் கோபுரம் பின்னால் போயிற்று; மலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ராஜபாளையத்தில் பிறந்த ஒரு பெண் ஒருநாள் இதே போல மலையை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்தாள். எங்கள் கடலை அவள் ஆசை ஆசையாகப் பார்த்தாள். நாங்கள் அவளைக் கரையிலேயே நிறுத்தினோம். கப்பல் ஏன் பெண் என்று இனி யாரிடமும் கேட்பதாக இல்லை. கிடைத்த பதில் எதிலும் கரையில் நிற்கிறவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்டலிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இனி என் கவலை. அவர் போனால் போகட்டும் என்று துணிவாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சிவகாசி தாண்டியதும் அத்தை பொட்டலத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்கள்.

“தோணியில ஏற படி இருக்குமா?”

“படி இல்ல அத்தை. நூலேணிதான்.”

“எம்புட்டு ஒசரம்?”

“ரெண்டு ஆள் ஒசரம் வரும். கால் வச்சா ஆடும்.”

அத்தை என் பக்கம் திரும்பி, “நான் மொதல்ல ஏறிருவேன். நீ பயப்படாம பின்னால வா” என்றார்கள்.